கொருக்குப்பேட்டையில் 8 மாடு, கதவில் நோட்டீஸ்: சாணியும் கழுவுற தண்ணியும் எங்கே போகணும்?

கறவைக்காரர்_மகன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க வடசென்னை கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட் பக்கம். அப்பா 8 கறவை மாடு வெச்சிருக்கார், எல்லாம் ஜெர்சி, எச்.எஃப்.னு சீமை மாட்டுக் கலப்பு. தாத்தா காலத்துலேருந்து இதான் பொழப்பு. எதிர்ல நின்னு கறந்து வாங்கிட்டுப் போற வாடிக்கை இன்னும் இருக்கு.

இப்ப கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. மழைநீர் வடிகால்ல சாணித்தண்ணி விடறீங்க, நிறுத்துங்க, இல்லாட்டி அபராதம்னு. நேர்ல போய்க் கேட்டதுக்கு "ஊருக்கு வெளிய ஓட்டிட்டுப் போங்க"ன்னு ஒரே வார்த்தை. எங்கன்னு கேட்டா அடுத்த ஆளைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு மீன்பாடி வண்டி நிக்கற அளவுதான் இடம். சாணியில கொஞ்சம் அம்மா வரட்டி தட்டுவாங்க. மிச்சத்தை காலையும் சாயங்காலமும் ஓஸ் போட்டுத் தள்ளிடுவோம், வாசல் வடிகால் வழியா போயிடும். எங்க தெருவுல எல்லா கொட்டாயும் இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்லுது? செலவு கம்மியா என்ன செய்யலாம்? சாண எரிவாயு போட்டா தீர்ந்துடுமா? மாட்டை வித்துட்டு வேலைக்குப் போன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு வேணாம். அதை எங்க மாமாவே தினம் சொல்லிட்டிருக்கார்.

டோல்கேட்_பாபு:
2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரம் ஃபுல்லா எண்ணெய் மெதந்துச்சே, அத்த மறந்துட்டாங்களா? ஊரு குப்பை கொடுங்கையூருக்கு, சாம்பல் எண்ணூருக்கு, கெமிக்கல் நாத்தம் மணலிக்கு. 8 மாட்டு சாணிதான் இப்ப கண்ணுக்குத் தெரியுதா. இன்னா நியாயம் இது.

வியாசர்பாடி_விஜி:
பாபு அண்ணா, அவங்க ஊத்துறாங்கன்னா நாமளும் ஊத்தலாமா? அந்த எண்ணெய் நம்ம வீட்டுக்குள்ள வந்தப்ப அதோட சாணியும் சேந்துதான் வந்துச்சு.

நான் மாட்டுக்காரங்களுக்கு எதிரி இல்ல. என் பசங்க ரெண்டு பேரும் கறந்த பால் குடிச்சு வளந்ததுங்கதான். ஆனா எங்க தெரு முனையில கொட்டாய் இருக்கு. வடிகால் மூடியைத் தூக்கிப் பாத்தா உள்ள தண்ணியே தெரியாது, வைக்கோல் துணுக்கும் சாணியும் கெட்டி தட்டி கிடக்கும். அரை மணி நேரம் மழை பெஞ்சா போதும், தண்ணி போக வழியில்லாம ரோட்டுக்கு ஏறும். அந்தத் தண்ணியிலதான் பசங்க ஸ்கூலுக்கு நடந்து போவுதுங்க. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பொறந்தா எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். கொசுவைப் பத்தி சொல்லவே வேணாம்.

தம்பி, நீங்க கேட்டு எழுதுனதே பெருசு. எங்க தெருவுல கேட்டா சண்டைக்குத்தான் வருவாங்க.

பேசின்பிரிட்ஜ்_வக்கீல்:
சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். இங்க மூணு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு, பிரிச்சுப் பாக்கணும்.

நகர எல்லைக்குள்ள மாடு வெக்கவே உரிமம் வேணும். தமிழ்நாடு நகர்ப்புறங்களில் விலங்குகள் மற்றும் பறவைகள் கட்டுப்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேருந்து இருக்கு. பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. உங்ககிட்ட உரிமம் இல்லன்னா முதல் வேலை அதுக்கு மனு போடறது. நோட்டீசுக்கு பதில் எழுதறப்ப மனு போட்ட ரசீது நகலையும் இணைங்க.

அடுத்தது கழிவு. திடக்கழிவு மேலாண்மை விதிகள் படி யாரும் தன் கழிவை தெருவுலயோ வடிகால்லயோ நீர்நிலையிலயோ போடக் கூடாது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, பிரிவு 24-ம் அதையேதான் சொல்லுது, ஓடையா இருந்தாலும் சாக்கடையா இருந்தாலும். "தெருவே இப்படித்தான் சார்" எங்கயும் எடுபடாது.

மாசுக் கட்டுப்பாடு தனி. டெல்லி பால் பண்ணைகளைப் பத்தி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல நடந்த வழக்கைத் தொடர்ந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல பால் பண்ணை, கோசாலைகளுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு. 2021-ல திருத்தினாங்க. பண்ணைகள் நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் ரெண்டுலயும் இசைவு வாங்கணும், குடியிருப்பு, பள்ளி, நீர்நிலை இதுங்களை விட்டுத் தள்ளி இருக்கணும்ங்கறது அதோட சாரம்.  உங்க 8 மாட்டுக் கொட்டாய் அதுல வருமான்னு கேட்டுப் பாருங்க. ஆனா வடிகால்ல விடாதேங்கற விஷயத்துல சின்னவன் பெரியவன் கணக்கு கிடையாது.

ரோட்டுல திரியற மாட்டுக்கு அபராதம் வேற கணக்கு. 2024-ல மாநகராட்சி மன்றம் முதல் தடவை 10,000, மறுபடி பிடிபட்டா 15,000 ரூபாய்னு ஏத்துனாங்க. மூணாவது நாள்லேருந்து பராமரிப்புக்கு தினம் 1,000 தனி. நோட்டீஸ்ல எந்தப் பிரிவு போட்டிருக்குன்னு பாருங்க. "மாட்டைப் பிடிப்போம்"னு வாயால சொல்றதும் எழுத்துல இருக்கறதும் ஒண்ணு இல்ல.

கறவைக்காரர்_மகன்:
நன்றி சார். மாடு பிடிக்கறது வாயாலதான் சொன்னாங்க, எழுத்துல வடிகால் மட்டும்தான் இருக்கு. உரிமம் தாத்தா பேர்ல ஏதோ ஒரு காகிதம் இருக்குன்னு அப்பா சொல்றார், தேடணும். எங்க மாடு ரோட்டுக்குப் போறதில்ல, கட்டுத்தறிதான்.

டோல்கேட்_பாபு:
தாத்தா பேர்ல கீற காகிதத்த வெச்சி இன்னா பண்றது. புதுசா போடு தம்பி.

பழைய_பொறியாளர்:
ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே போகலாம். தெருவில் நடந்து போகிறவருக்கு மழைநீர் வடிகாலும் பாதாள சாக்கடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் வேறு. பாதாள சாக்கடையில் விழுவது கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலில் விழுவது எங்கும் சுத்தமாவதில்லை. உங்கள் பகுதியில் அது கேப்டன் காட்டன் கால்வாயில் சேர்ந்து, பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கடைசியில் கடல்.  விஜி அம்மா சொன்ன கெட்டிச் சாணி, அங்கே தங்கிவிட்ட மிச்சம்தான்.

"அப்படியானால் பாதாள சாக்கடையில் விட்டுவிடலாமா" என்று அடுத்த கேள்வி வரும். சாணியோடு விட்டால் இரண்டே வாரத்தில் ஆள்நுழைவுக் குழி அடைத்துக்கொள்ளும், உங்கள் வீட்டுக் கழிப்பறை முதலில் எதிர்த்து வரும். மாட்டுச் சாணியில் நார் அதிகம். மனிதக் கழிவு மாதிரி கரைந்து ஓடாது, படியும்.

ஆகவே சாணியைத் தண்ணீரில் கலக்காமல் இருப்பதுதான் மொத்த வேலையும். கலந்த பிறகு அதைப் பிரிப்பதற்கு எந்த இயந்திரத்தை வாங்கினாலும் உங்களுக்குக் கட்டாது.

மாத்தூர்_தினேஷ்:
இவ்ளோ யோசிக்கணுமா? சாண எரிவாயு கலன் ஒண்ணு போடுங்க ப்ரோ. காஸ் ஃப்ரீ, உரம் ஃப்ரீ, மானியமும் உண்டு. சாணிப் பிரச்சினை அன்னியோட க்ளோஸ். வீடியோ நிறைய இருக்கு.

பழைய_பொறியாளர்:
தினேஷ், அந்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் கலனுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு தெரியும், கவனித்தீர்களா?

கணக்கைப் பாருங்கள். நன்றாகத் தீனி தின்னும் மாடு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ சாணி போடும், கிட்டத்தட்ட அதே அளவு லிட்டர் கோமியம். 8 மாட்டுக்கு 120 முதல் 160 கிலோ. ஒரு கிலோ சாணிக்குச் சுமார் 40 லிட்டர் வாயு என்று வைத்தால் நாளுக்கு 5, 6 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ அரை கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். வாரத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். இதுவரை வீடியோவில் சொல்வது சரி.

சொல்லாதது இது. கலனில் சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றவேண்டும். தினம் 300 லிட்டர் உள்ளே போனால் தினம் ஏறக்குறைய 300 லிட்டர் கரைசல் வெளியே வரும். வாயுவாகப் போவது எடையில் கொஞ்சம்தான். நாற்றம் குறைந்திருக்கும், ஈ மொய்க்காது, நல்ல உரம். ஆனால் திடமாக இருந்த சாணியை இரண்டு மடங்கு திரவமாக்கிக் கையில் கொடுத்திருக்கும். தோட்டம் இல்லாத கொருக்குப்பேட்டைக்காரர் அதை எங்கே ஊற்றுவார்? திரும்ப அதே வடிகால்தான். போதாததற்கு 40 நாள் சரக்கு உள்ளே நிற்க 12 கன மீட்டர் குழி வேண்டும். உங்கள் பக்கம் நாலடி தோண்டினாலே தண்ணீர் சுரக்கும்.

நிலம் உள்ளவனுக்கு அது வரம். இவருக்கு வேண்டாம்.

மாத்தூர்_தினேஷ்:
ஓகே சார், இதை யாருமே சொல்லல. எங்க வீட்ல பின்னாடி இடம் இருக்கு, அதனால ஓடுது போல.

மாட்டுடாக்டர்_மாதவரம்:
கால்நடை மருத்துவர். தம்பி, உங்க கொட்டாய்த் தரை சிமெண்டா, கருங்கல் பாவினதா? தரை சரிவு எந்தப் பக்கம்? இது தெரியாம பேசினா காத்துல பேசற மாதிரிதான்.

கறவைக்காரர்_மகன்:
சிமெண்ட் சார், அங்கங்க பேந்திருக்கு. சரிவு வாசல் பக்கம். நடுவுல ஒரு காவா போவுது, கோமியம், கழுவுற தண்ணி எல்லாம் அதுலதான்.

மாட்டுடாக்டர்_மாதவரம்:
நான் பாத்த கொட்டாய்ங்கள்ல பத்துக்கு எட்டு இப்படித்தான். பொறியாளர் ஐயா சொன்னதை நான் மாட்டுப் பக்கத்துலேருந்து சொல்றேன்.

முதல்ல ஓஸைக் கழட்டி மாட்டி வெச்சிடுங்க. கறவைக்கு முன்னாடி தட்டுக்கூடையும் ஒரு சுரண்டியும் எடுத்து சாணியை அள்ளுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பத்தாது, நாலு தடவை. தரையில சாணி கொஞ்ச நேரம்தான் கெட்டியா கிடக்கும், மாடு மிதிச்சு கோமியம் சேந்துச்சுன்னா கூழ். கூழைத்தான் ஓஸ் போட்டுத் தள்ள வேண்டியிருக்கு. முன்னாடியே அள்ளினா கழுவ பக்கெட் தண்ணி போதும். பேந்த இடத்தை உடனே பூசுங்க, அந்தப் பள்ளத்துல நிக்கற கோமியம்தான் நாத்தத்துக்குப் பாதி காரணம், குளம்பு அழுகலுக்கும் அதான்.

மடி நோய்ல தரைக்குப் பெரிய பங்கு. ஈரச் சாணியில படுத்த மாட்டுக்கு மடி வீங்கும், பால் திரியும், ஊசி போடணும், போட்ட ஊசிக்காகப் பாலைக் கீழ ஊத்தணும். அள்ற வேலைக்கு ஆள் கூலி கணக்குப் பாக்கறவங்க இதையும் சேத்துப் பாருங்க.

ஈ விஷயம். நம்ம வெயில்ல முட்டையிலேருந்து பறக்கற ஈ வர ஒரு வாரம், பத்து நாள். அதுக்குள்ள சாணி இடத்தைக் காலி பண்ணிட்டா அடுத்த தலைமுறை கிடையாது. வாரக்கணக்குல குவிச்சு வெச்சா தெருவுக்கே சப்ளை பண்றீங்கன்னு அர்த்தம்.

எலிக்காய்ச்சல் சென்னைக்குப் புதுசு இல்ல. எலி மூத்திரம் மட்டும்னு நினைக்கறாங்க. மாட்டு மூத்திரத்துலயும் அந்தக் கிருமி வரும். வெறும் காலோட அந்தக் காவாவுல நின்னு கழுவறது உங்க அப்பாதானே? கால்ல வெடிப்பு இருந்தா பூட்ஸ் வாங்கிக் குடுங்க. இதை எந்த நோட்டீஸும் சொல்லாது.

வியாசர்பாடி_விஜி:
வெள்ளத்தப்ப அந்தத் தண்ணியிலதான டாக்டர் எல்லாரும் நின்னோம். எங்களுக்கு பூட்ஸ் யாரு வாங்கித் தருவா.

மாட்டுடாக்டர்_மாதவரம்:
நியாயமான கேள்விமா. அதனாலதான் வடிகாலுக்கு முன்னாடியே நிறுத்தணும்ங்கறேன்.

பழைய_பொறியாளர்:
டாக்டர் சொன்னபடி அள்ளிவிட்டால் மீதி நிற்பது கோமியமும் கொஞ்சம் கழுவு நீரும். வாசலுக்கு முன்னால் அந்தக் காவாயை இரண்டு அறை உள்ள ஒரு சின்னத் தொட்டியில் விழ வையுங்கள். முதல் அறைக்கு வாயில் ஒரு கம்பி வலை, வைக்கோல் அங்கே நிற்கும். அறையில் மண்ணும் சாணித் துகளும் படியும். மேலே தெளிந்தது இரண்டாவது அறைக்கு வழியும். அங்கிருந்து பாதாள சாக்கடை இணைப்புக்குப் போகலாம், குடிநீர் வாரியத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு. மழைநீர் வடிகாலுக்கு எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. வாரம் ஒரு முறை முதல் அறையை வாரவேண்டும். அதை மறந்தால் தொட்டி கட்டியதும் கட்டாததும் ஒன்றுதான். தெருவில் ஐந்து கொட்டகைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தால் பேச்சுக்கு எடை கூடும்.

டோல்கேட்_பாபு:
அஞ்சு பேர் சேருறதா? ஒருத்தன் கொட்டாய்ல பால் எவ்ளோன்னு இன்னொருத்தனுக்கு சொல்ல மாட்டான் சார்.

மீஞ்சூர்_களம்:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு சும்மா இருந்தேன். எனக்கு சாணி வேணும். கேக்கறவன் இங்க இருக்கேன், குடுக்கறவன் அங்க இருக்கான், நடுவுல இருபது, முப்பது கிலோமீட்டர்.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் போடச் சொல்றாங்க, ஏக்கருக்கு 5 டன். எங்க ஊர்ல டிராக்டர் வந்து மாடு போச்சு. இப்ப எரு வெளியிலதான் வாங்கறோம். உங்க 8 மாட்டுக்கு மாசம் 4 டன் பச்சைச் சாணி வரும்னா எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வராது.

ஆனா பச்சைச் சாணியில அஞ்சுல நாலு பங்கு தண்ணி. குட்டி யானை வண்டிக்கு டீசல் போட்டு கொருக்குப்பேட்டைலேருந்து தண்ணியைச் சுமந்துட்டு வர மாதிரிதான் அது. ஒரு தடவை பாத்தேன், கட்டல. அதனால ஒரு யோசனை. அள்ளினதை மாடு கழிச்ச வைக்கோல், காஞ்ச சருகு கலந்து நாலஞ்சு நாள் தார்ப்பாய் கீழ ஆற விடுங்க. தண்ணி வடியற அளவுக்கு இருக்கக் கூடாது, கையில பிடிச்சா உருண்டை நிக்கணும். செங்குன்றம் மில்லுல தவிடு வாங்கறப்ப உமியும் கிடைக்கும், அதைத் தூவலாம். எடை குறையும், நாத்தமும் குறையும். அப்புறம் சாக்குல கட்டுங்க.

இன்னொண்ணு. கவர், நீலக் கயிறு, ஆணி, ஊசி மருந்து பாட்டில், இதுங்க ஒண்ணு கூட இருக்கக் கூடாது. முன்னாடி வேற ஒரு இடத்துல வாங்கினேன், வயல்ல இறங்கினா காலைக் கிழிக்குது. கூட்டற குப்பை தனி, சாணி தனி.

மாட்டுடாக்டர்_மாதவரம்:
கவர் விஷயம் சரி. சாணியோட வர்றதை விட மாட்டு வயித்துலயே தங்கிடறதுதான் அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வர நகரத்து மாடுகளைக் கேட்டா கதை கதையா சொல்லும். இவர் கட்டுத்தறியில வெச்சிருக்கறது நல்லது.

கறவைக்காரர்_மகன்:
களம் அண்ணே, நாலஞ்சு நாள் சாணின்னா 600, 700 கிலோ. அதை வெக்க இடம்தான் பிரச்சினை. வரட்டிக்குப் போறது போக எவ்ளோ மீறும்னு அம்மாகிட்ட கேக்கணும். சுடுகாட்டுக்கு முன்ன மாதிரி வரட்டி போறதில்ல. போகிக்கும் பூஜைக்கும் வாங்கறாங்க, அவ்ளோதான்.

கோமியம் யாராவது எடுப்பாங்களா? அதைத் தனியா பிடிக்க முடியும்னா கழுவற தண்ணி இன்னும் கம்மியாகும்.

மீஞ்சூர்_களம்:
கோமியம் எடுக்கறேன், கேன்ல பிடிச்சா. ஜீவாமிர்தத்துக்கு ஏக்கருக்கு 10 லிட்டர் கோமியம், 10 கிலோ சாணி, ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணின்னு கலக்கறோம். பாத்தியா, ஏக்கருக்கே 10 லிட்டர்தான். உன் வீட்ல ஒரு நாளைக்கு 150 லிட்டர் வரும். அத்தனையும் நான் வாங்குவேன்னு சொன்னா பொய். சாணிக்கு ஆள் கிடைச்சிடும் தம்பி, தண்ணிக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டான். பொறியாளர் ஐயா சொன்ன தொட்டியை விடாதே.

ஆறாத சாணியை நேரா வயல்ல போட்டா கரையான் வரும், களை விதை வரும். நான் இங்க குழியில மக்க வெச்சிதான் போடுவேன். பக்கத்து தோப்புக்காரர் வேற காண்டாமிருக வண்டு முட்டை வெக்கும்னு சண்டைக்கு வருவார், அவர் சொல்றதும் உண்மைதான். அது என் பாடு.

பேசின்பிரிட்ஜ்_வக்கீல்:
இடம் இல்லன்னா ஒரு தகவல். பேசின் பிரிட்ஜ் பக்கம் மாநகராட்சி மாட்டுக் கொட்டாய் கட்டியிருக்காங்க. மாட்டுக்கு நாளைக்கு 10 ரூபாய் வாடகை. தீனியும் கறவையும் உரிமையாளர் பொறுப்பு. கொருக்குப்பேட்டைலேருந்து தூரமில்ல. போய்ப் பாருங்க, முடிவு உங்களது.

கறவைக்காரர்_மகன்:
அப்பாகிட்ட சொன்னேன் சார். "ராத்திரி கன்னு போட்டா யார் பக்கத்துல இருப்பா"ன்னார். எதிர்ல நின்னு வாங்கற வாடிக்கையும் அங்க வராது. மழைக்காலத்துக்கு மட்டும் ரெண்டு மாட்டை அங்க விடலாமான்னு யோசிக்கறோம்.

பழைய_பொறியாளர்:
உங்கள் அப்பா சொல்வதை அலட்சியமாகத் தள்ளமுடியாது. மாதவரம் பால் பண்ணைக் குடியிருப்பு எதற்காக வந்தது என்று நினைக்கிறீர்கள்? நகரத்து மாடுகளை வெளியே கொண்டுபோகத்தான். ஆவின் பால் பண்ணை அங்கே 1963-இல் வந்தது, நியூசிலாந்து உதவியோடு. அன்றைக்கு மாதவரம் ஊருக்கு வெளியே. இன்றைக்கு அதுவும் மாநகராட்சிக்குள். ஊருக்கு வெளியே போ என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லலாம், ஊர் பின்னாலேயே வந்துவிடும். ஆகவே சாணியை அள்ள ஒரு வண்டியை ஏற்பாடு செய்வதுதான் எனக்கு மலிவான வழியாகத் தெரிகிறது. குப்பைக்கு வீடு வீடாக வண்டி வருகிறது. மாட்டுக் கொட்டகைக்கு ஒரு வண்டி ஏன் வரக்கூடாது என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் ஒட்டும் செலவை விட அது அதிகமாகாது.

டோல்கேட்_பாபு:
சார், இத்த நீங்களே எழுதிக் குடுங்க. நான் கையெழுத்து வாங்கித் தரேன். டோல்கேட்லேருந்து கொருக்குப்பேட்டை வரிக்கும் எனக்குத் தெரிஞ்ச கொட்டாய் எல்லாம் ஏறி எறங்கறேன்.

வியாசர்பாடி_விஜி:
எங்க தெரு கொட்டாயையும் சேத்துக்கங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சார்பா நானும் கையெழுத்து போடறேன். கம்ப்ளெயிண்ட் குடுத்த எங்க பேரும் அதுல இருந்தா யாரும் ஒதுக்க முடியாது.

பழைய_பொறியாளர்:
எழுதித் தருகிறேன். ஒரே பக்கம். கொட்டகை முகவரி, மாட்டு எண்ணிக்கை, உரிமம் உண்டா இல்லையா, வடிகால் எங்கே அடைக்கிறது, இவ்வளவும் பட்டியலாக வேண்டும். பாபு, எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல விடாதீர்கள்.

டோல்கேட்_பாபு:
அதுதான் கஷ்டம். 12 வெச்சிக்கினு 5-ன்னுவான்.

மீஞ்சூர்_களம்:
வண்டி வர வரைக்கும் நான் காத்திருக்க முடியாது, சம்பா நாத்து விடறதுக்கு முன்னாடி எரு அடிக்கணும். தம்பி, தனியா செய்தி போட்டிருக்கேன், பாரு. முதல் நடை டீசல் என் கணக்கு. சாக்கு உன் கணக்கு. ஆறின சாணி மட்டும்தான் ஏத்துவேன்.

கறவைக்காரர்_மகன்:
பாத்தேன் அண்ணே. சாயங்காலமே மேஸ்திரி வந்து தொட்டிக்கு அளவு எடுத்துட்டுப் போனார். உமி மட்டும் செங்குன்றத்துல சொல்லி வெச்சிருக்கேன். பக்கத்து கொட்டாய் பெரியப்பா கேக்கறார், அவர் சாணியும் சேத்து ஏத்துவீங்களா? அவர்கிட்ட 6 மாடு.

மீஞ்சூர்_களம்:
கயிறு, கவர் இல்லன்னா ஏத்தறேன். முதல்ல ஒரு சாக்கு அனுப்பச் சொல்லு, கொட்டிப் பாத்துட்டு சொல்றேன்.

மாத்தூர்_தினேஷ்:
அண்ணா, குட்டி யானை மாத்தூர் வழியாதான திரும்பும்? எங்க கலன்ல வர கரைசல் நிறைய மிஞ்சுது. டிரம்ல பிடிச்சு வெச்சா எடுத்துப்பீங்களா?